காஷன் டெபாசிட் யாருடைய பணம்?

மார்ச் கடைசி வாரத்தில் ஒரு சாயங்காலம் ஃபோர்ட் கொச்சி ஜங்கார் துறையில் நின்று பாருங்கள். வைப்பின் தீவுக்குப் போகும் ரோ-ரோ படகில், லாரிகளுக்கும் ஸ்கூட்டர்களுக்கும் நடுவே ஒரு பெட்டி ஆட்டோ ஏறும். பின்னால் சுருட்டிக் கட்டிய மெத்தை, சிவப்பு வாளி, வாளிக்குள் இஸ்திரிப் பெட்டி, கயிறு கட்டிய இரண்டு அட்டைப்பெட்டிகள். மூன்று வருடம் மட்டாஞ்சேரிப் பக்கம் விடுதியில் இருந்த ஒரு பெண்ணின் மொத்தக் குடித்தனம் அது. எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டாயிற்று என்றுதான் அவள் நினைக்கிறாள். சேர்ந்த அன்று அப்பா கட்டிய காஷன் டெபாசிட் மட்டும் அங்கேயே கிடக்கிறது. இன்னொரு ஐந்து கிலோ புத்தகம் முந்தின நாளே பழைய சாமான் வாங்கும் ஆக்ரிக்காரரின் தராசில் ஏறிப் போய்விட்டது.

நான் வைப்பின் கரையில் மாலிப்புரத்தில் குடியிருக்கிறேன். தீவின் வடக்கு முனையில் முனம்பம் மீன்பிடித் துறைமுகம். அங்கே படகில் போகிறவர்களில் தமிழ்நாட்டுக்காரர்கள் ஏராளம். குளச்சல் பக்கத்து ஆட்கள் அதிகம். இப்போது அவர்கள் பிள்ளைகள் எறணாகுளம் கல்லூரிகளில் படிக்கிறார்கள். வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் பெரும்பாலும் அந்தப் பிள்ளைதான். படிவம் நிரப்ப, மலையாள நோட்டீஸை வாசித்துச் சொல்ல என்னிடம் வருவார்கள். அப்படி வந்தவர்களிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டவைதான் இங்கே எழுதுவதில் பாதி. மீதி, நானே ஒருமுறை ஏமாந்ததில் தெரிந்துகொண்டது.

என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். படித்த காலத்தில் ஒரு தனியார் விடுதியில் இருந்தேன். காலி செய்வதற்கு ஒரு மாதம் முன்பே மேட்ரனிடம் வாயால் சொன்னேன். அவரும் சரி என்றார். கிளம்பும் நாளில் உரிமையாளர், “எழுத்தில் தரவில்லையே, ஒரு மாத வாடகையை அட்வான்ஸில் கழிக்கிறேன்” என்றார். அட்வான்ஸே ஒரு மாத வாடகைதான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அன்று என்னிடம் ரசீதும் இல்லை, மேட்ரனிடம் சொன்னதற்கு ஒரு வரிச் சான்றும் இல்லை. இன்றைக்கு என்றால் ஒரு வாட்ஸப் செய்தி போதும். ‘அக்கா, ஏப்ரல் 30ஆம் தேதி அறையைக் காலி செய்கிறேன்’ என்று அனுப்பி, அவர் ‘ஓகே’ என்று பதில் போட்டால் அதைவிடப் பெரிய நோட்டீஸ் எதற்கு?

விடுதி என்று எல்லாரும் ஒரே சொல்லில் சொன்னாலும் சட்டத்தின் கண்ணில் அது மூன்று விதம். கல்லூரியே நடத்தும் ஹாஸ்டல் ஒன்று. வெளியே தனியார் நடத்தும் ஹாஸ்டல் அல்லது பி.ஜி. இன்னொன்று. நாலு பேர் சேர்ந்து வாடகைக்கு எடுக்கும் வீடு மூன்றாவது. பணம் சிக்கிக்கொண்டால் எந்தக் கதவைத் தட்டவேண்டும் என்பது இந்த மூன்றில் நீங்கள் எதில் இருந்தீர்கள் என்பதைப் பொறுத்தது. இதைச் சரியாகப் பிடிக்காமல் தப்பான இடத்தில் மனு கொடுத்து ஆறு மாதம் வீணாக்கியவர்களை எனக்குத் தெரியும்.

கல்லூரி ஹாஸ்டலை எடுத்துக்கொள்வோம். படிப்பையே விட்டு வேறு கல்லூரிக்குப் போகிறீர்கள் என்றால், பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. 2018 அக்டோபரில் வெளியிட்ட அறிவிப்பு உங்கள் பக்கம் நிற்கிறது. சேர்க்கைக்கான கடைசித் தேதிக்குப் 15 நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது விலகினால் கட்டணம் முழுவதும் திரும்ப வேண்டும். நிர்வாகச் செலவு என்று 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் மட்டும் பிடிக்கலாம். 15 நாளுக்குள் வந்துவிட்டால் 90 சதவீதம். கடைசித் தேதி கழிந்து 15 நாள் வரை 80, அதற்குமேல் 30 நாள் வரை 50, அதற்கும் மேலே போனால் ஒன்றுமில்லை. எழுத்தில் விண்ணப்பித்த 15 நாளில் பணம் வந்தாக வேண்டும். ஒவ்வொரு கல்வியாண்டுக்கும் யு.ஜி.சி. தனி அறிவிப்பு விட்டு இந்தத் தேதிகளைத் தளர்த்துவதும் உண்டு. 2024-25இல் செப்டம்பர் 30 வரை விலகியவர்களுக்கு முழுப் பணம், அக்டோபர் 31 வரை 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்கக்கூடாது என்று சொன்னது. விலகும் ஆண்டின் அறிவிப்பைத் தேடி எடுத்து அதன் நகலை விண்ணப்பத்தோடு வைத்துக் கொடுங்கள்.

இந்தச் சதவீதக் கணக்குக்குள் வராத ஒன்று இருக்கிறது. காஷன் டெபாசிட், செக்யூரிட்டி டெபாசிட் என்று எந்தப் பெயரில் வாங்கியிருந்தாலும் அது கட்டணம் இல்லை, உங்கள் பணம். முழுதாகத் திரும்ப வேண்டும் என்று அதே அறிவிப்பு சொல்கிறது. நூலகத்துக்கு, லேபுக்கு, ஹாஸ்டலுக்கு என்று தனித்தனியாகக் கட்டியிருப்பீர்கள். மூன்று வருடம் கழித்து ‘நோ டியூஸ்’ வாங்கும்போது டி.சி. கையில் வந்தால் போதும் என்ற அவசரத்தில் இதை யாரும் கேட்பதில்லை. கேட்காதவர்களுக்குத் தேடி வந்து கொடுக்கும் அலுவலகத்தை நான் பார்த்ததில்லை.

அதே அறிவிப்பில் இன்னொரு விஷயம்: அசல் சான்றிதழ்கள். மதிப்பெண் பட்டியலையோ டி.சி.யையோ வாங்கிச் சரிபார்த்துவிட்டு அங்கேயே திருப்பித் தரவேண்டும், பிடித்து வைக்கக்கூடாது. மெஸ் பாக்கி இருக்கிறது, சர்டிபிகேட்டைத் தரமாட்டோம் என்று சொன்னால் பாக்கியை வசூலிக்க அவர்களுக்கு வேறு வழி இருக்கிறது என்று சொல்லுங்கள். அடகுக்கடையில் வைக்க சர்டிபிகேட் ஒன்றும் நகை அல்ல.

கொடுக்க மறுத்தால்? யு.ஜி.சி.யின் 2023ஆம் ஆண்டு மாணவர் குறைதீர்ப்பு விதிகளின்படி ஒவ்வொரு கல்லூரியிலும் மாணவர் குறைதீர்க்கும் குழு இருக்கவேண்டும். புகார் வந்த 15 வேலை நாளில் அது தன் அறிக்கையைத் தரவேண்டும். அதில் திருப்தி இல்லையென்றால் 15 நாளுக்குள் பல்கலைக்கழகத்தின் ஓம்புட்ஸ்பர்சனிடம் மேல்முறையீடு. அவர் 30 நாளில் தீர்த்துவைக்க முயலவேண்டும். யு.ஜி.சி.யின் ‘இ-சமாதான்’ இணையதளத்திலும் பதியலாம். எறணாகுளத்துக் கலைக்கல்லூரிகள் பல கோட்டயம் மகாத்மா காந்திப் பல்கலைக்கழகத்தின்கீழ் வருபவை; அங்கே படிப்பவர்கள் அந்தப் பல்கலைக்கழகத்தின் ஓம்புட்ஸ்பர்சன் யார் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கல்லூரியை நேரே நுகர்வோர் ஆணையத்துக்கு இழுக்கலாமா என்று கேட்பார்கள். 2010லும் 2012லும் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புகள், கல்வி நிறுவனம் தருவது நுகர்வோர் சட்டத்தில் சொல்லும் ‘சேவை’ அல்ல என்று சொல்லியிருக்கின்றன. அதற்கு மாறான தீர்ப்புகளும் உண்டு. ஆகவே கல்லூரி ஹாஸ்டல் என்றால் முதலில் குறைதீர்ப்புக் குழு வழியாகவே போவது நல்லது.

தனியார் ஹாஸ்டல், பி.ஜி. விஷயத்தில் இந்தக் குழப்பம் இல்லை. காசு வாங்கிக்கொண்டு இடமும் சாப்பாடும் தருகிறார், அது சேவை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அதற்குப் பொருந்தும். ‘கட்டிய அட்வான்ஸ் எக்காரணத்தாலும் திருப்பித் தரப்படமாட்டாது’ என்று சேர்க்கைப் படிவத்தின் அடியில் பொடி எழுத்தில் அச்சடித்திருப்பார்கள். நீங்கள் கையெழுத்தும் போட்டிருப்பீர்கள். அதைப் பார்த்ததும் முடிந்தது கதை என்று நினைக்கவேண்டாம். ஒருபக்கமாகச் சாய்ந்த ஒப்பந்தத்தை நியாயமற்றது என்று சொல்ல அந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அளவுக்கு மீறிய முன்பணம் கேட்பதை அந்த வகை ஒப்பந்தத்துக்கு ஓர் உதாரணமாகவே சட்டம் காட்டுகிறது. ஒரு சிக்கல் என்னவென்றால், ஒப்பந்தம் நியாயமற்றது என்ற அந்த ஒரு காரணத்துக்காக மட்டும் போவதானால் மாநில ஆணையத்துக்குப் போகவேண்டும். பணத்தைத் தராமல் இழுத்தடிப்பது சேவைக் குறைபாடு என்று எழுதினால் மாவட்ட ஆணையமே போதும்.

வெளியூர்ப் பிள்ளைகளுக்கு இந்தச் சட்டத்தில் ஒரு பெரிய வசதி உண்டு. ஹாஸ்டல் கொச்சியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஊரின் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். நாகர்கோவில்காரர் நாகர்கோவிலில், தூத்துக்குடிக்காரர் தூத்துக்குடியில். கொடுத்த தொகை 5 லட்சத்துக்கு உள்ளே என்றால் கட்டணமே கிடையாது. வக்கீல் வைக்கவேண்டிய கட்டாயமும் இல்லை. பிரச்சினை எழுந்து இரண்டு வருடத்துக்குள் போடவேண்டும். இணையத்தில் பதிய 2025 ஜனவரி முதல் ‘இ-ஜாக்ரிதி’ தளம் இருக்கிறது.

ஆனால் ஐயாயிரம், ஆறாயிரத்துக்கு வழக்குவரை போகவேண்டிய தேவை பெரும்பாலும் வராது. போன வருடம் முனம்பத்துப் பெண் ஒருத்தி, இரண்டாம் வருடம், நகரத்து விடுதி ஒன்றைக் காலி செய்தாள். அட்வான்ஸைக் கேட்டால் ‘அடுத்த வாரம்’ என்றார்கள். நாலு அடுத்த வாரம் போனது. அரைப்பக்கக் கடிதம் எழுதினோம்: எந்தத் தேதியில் எவ்வளவு கட்டினேன், எந்தத் தேதியில் காலி செய்வதாகச் சொன்னேன், சாவியை என்றைக்கு யாரிடம் கொடுத்தேன், 15 நாளில் இந்த வங்கிக் கணக்கில் போடவும், இல்லையென்றால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். கோபமாக ஒரு சொல்லும் இல்லை. பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்பினோம். பன்னிரண்டாம் நாள் பணம் வந்துவிட்டது. பெயின்ட் செலவு என்று ஐந்நூறு ரூபாய் பிடித்திருந்தார்கள். அந்த ஐந்நூறை அவள் விட்டுவிட்டாள். நான் விடச் சொல்லவில்லை.

அறையைப் பெறும் அன்றே சுவர், குழாய், ஃபேன், அலமாரி, மெத்தை எல்லாவற்றையும் மொபைலில் வீடியோ எடுத்து உரிமையாளருக்கே அனுப்பி வைத்திருந்தால் அந்த ஐந்நூறும் நின்றிருக்கும். வாடகையைக் கையில் கொடுக்காமல் யு.பி.ஐ.யில் அனுப்புங்கள், ரசீது தராத ஆளிடமும் அது ரசீதாகிவிடும்.

பில்லில் ஜி.எஸ்.டி. போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். 2023இல் பெங்களூர், உத்தரப் பிரதேசத்து முன்தீர்ப்பு அமைப்புகள் தனியார் விடுதிக்கு 12 சதவீத வரி உண்டு என்று சொல்லிவிட்டன. 2024 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம், மாணவிகளும் வேலைக்குப் போகும் பெண்களும் தங்கும் விடுதி குடியிருப்புதான், வரி கிடையாது என்றது. பிறகு ஜூன் 22ஆம் தேதி கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில் முடிவெடுத்து, ஜூலை 15 முதல் ஒரு விதி வந்தது: ஆளுக்கு மாதம் 20,000 ரூபாய் வரை வாடகை, தொடர்ந்து 90 நாளாவது தங்கல் என்றால் வரி இல்லை. வைப்பினிலும் மட்டாஞ்சேரியிலும் மாணவர் விடுதிக்கு 20,000 கொடுப்பவர்களை நான் பார்த்ததில்லை. ஆகவே வரி என்று ஒரு வரி இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

விடுதியை நாமாக விடுவது ஒன்று, வெளியே தள்ளுவது இன்னொன்று. கோழிக்கோடு மாவட்டம் சேளன்னூரில் ஸ்ரீநாராயணகுரு கல்லூரியில் பி.ஏ. படித்த ஃபஹீமா ஷிரினை 2019இல் ஹாஸ்டலிலிருந்து வெளியேற்றினார்கள். குற்றம் என்ன? மாலை ஆறிலிருந்து பத்து வரை செல்போனை ஒப்படைக்க வேண்டும் என்ற விதிக்கு அவள் ஒத்துக்கொள்ளவில்லை. வீட்டிலிருந்து தினமும் நெடுந்தூரம் பயணம் செய்து கல்லூரிக்கு வந்துகொண்டே கேரள உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டாள். செப்டம்பர் 19ஆம் தேதி நீதிபதி பி.வி. ஆஷா, இணையத்தைப் பயன்படுத்தும் உரிமை கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்று சொல்லி அவளைத் திரும்பச் சேர்க்க உத்தரவிட்டார். விடுதி விதி போடலாம். அந்த விதி படிப்பையே முடக்கும் என்றால் நீதிமன்றம் பார்த்துக்கொண்டிருக்காது. ராகிங்கால் விடுதியை விட்டு ஓடவேண்டி வந்தால் அதைச் ‘சொந்தக் காரணம்’ என்று எழுதிக் கொடுக்காதீர்கள். நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். 1800-180-5522 என்ற தேசிய ராகிங் எதிர்ப்பு எண் நாள் முழுவதும் இயங்குகிறது.

இனி சாமான் தூக்கும் விஷயம். கேரளத்துக்குப் புதிதாக வரும் தமிழ்க் குடும்பங்கள் பயப்படுவது இதற்குத்தான். ஹாஸ்டல் வாசலில் கட்டிலை இறக்கினால் யூனியன்காரர் வந்து நின்றுகொண்டு கூலி கேட்பார், நாமே இறக்கினாலும் பார்த்துக்கொண்டு நின்றதற்குக் காசு என்பார் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அதன் பெயர் நோக்குக்கூலி. 2018 மே 1 முதல் கேரள அரசு அதைத் தடை செய்துவிட்டது. 2021இல் உயர் நீதிமன்றமும் கடுமையாகப் பேசியது. 1978ஆம் ஆண்டின் கேரளச் சுமைதொழிலாளர் சட்டமே, ஒருவர் தன் வீட்டுத் தேவைக்கு அமர்த்தும் ஆளை அந்தச் சட்டத்துக்கு வெளியேதான் வைக்கிறது. உங்கள் மெத்தையையும் புத்தகப் பெட்டியையும் நீங்களும் நண்பர்களும் தூக்கலாம், விரும்பிய ஆளை வைத்தும் தூக்கலாம். வேலை செய்யாமல் பணம் கேட்டு மறித்தால் 112ஐ அழையுங்கள். நியாயமாகச் சுமந்தவருக்குப் பேசிய கூலியைக் குறைக்காமல் கொடுங்கள். இதையும் சொல்லத்தான் வேண்டும். என் அப்பாவும் சுமை தூக்கியவர்தான்.

மட்டாஞ்சேரியிலிருந்து வைப்பினுக்குச் சாமான் கொண்டுவர ரோ-ரோதான் குறுக்குவழி. 2018 ஏப்ரலில் தொடங்கிய சேவை. சேதுசாகர் என்ற பெயரில் இரண்டு கலங்கள். ஒன்று பழுதானால் வரிசை நீண்டுவிடும். அப்போது தோப்பும்படி வழியாக எறணாகுளத்தைச் சுற்றி கோஸ்ரீ பாலங்களில் வரவேண்டும். ஆட்டோக்காரரிடம் இரண்டு வழிக்கும் வாடகையை முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

நகரத்து விடுதி வாடகை கட்டுபடியாகாமல் வைப்பினில் வீடு தேடி வருகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். 2004இல் கோஸ்ரீ பாலங்கள் வந்தபிறகு தீவு நகரத்தோடு ஒட்டிக்கொண்டது. 2023 ஏப்ரலில் வாட்டர் மெட்ரோ படகு முதன்முதலில் ஓடியதே ஹைகோர்ட்டுக்கும் வைப்பினுக்கும் இடையில்தான். இருபது நிமிடத்துக்குள் அக்கரை சேர்ந்துவிடலாம். வாடகையில் மிச்சம் பிடிப்பது பயணத்தில் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வைப்பின் தனியார் பஸ்கள் நகரத்துக்குள் போக விடாமல் ஹைகோர்ட் ஜங்ஷனிலேயே நிறுத்தப்பட்டது பல வருடத்து மனக்குறை. இந்தத் தீவுக்காரியான நடிகை அன்னா பென், 2023 தொடக்கத்தில் முதலமைச்சருக்கு எழுதிய பகிரங்கக் கடிதத்தில், தான் செயின்ட் தெரேசாஸ் கல்லூரியில் படித்த நாளிலிருந்து பார்க்கும் இந்த அவதியைத்தான் சொன்னார். வீட்டை முடிவு செய்யும் முன் கல்லூரிக்கு ஒருநாள் காலை எட்டு மணிக்குப் போய்ப் பாருங்கள். எத்தனை டிக்கெட், எவ்வளவு நேரம் என்று தெரிந்துவிடும். மாணவர் கன்செஷன் அட்டையைக் கல்லூரி திறந்த முதல் வாரத்திலேயே வாங்கிவிடுங்கள்.

வீடு பார்க்கும்போது இரண்டு விஷயங்களை வீட்டுக்காரரிடம் கேட்காமல் பக்கத்து வீட்டில் கேட்க வேண்டும். ஒன்று தண்ணீர். சுற்றிலும் காயலும் கடலுமாக இருந்தும் குடிதண்ணீர்த் தட்டுப்பாடு இந்தத் தீவின் பழைய கதை. குழாயில் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, லாரித் தண்ணீர் செலவு யார் தலையில் என்று தெரிந்துகொள்ளுங்கள். இரண்டாவது வேலியேற்றம். எடவனக்காடு, குழுப்பிள்ளி பக்கம் தாழ்ந்த வீடுகளில் ஓதம் ஏறும் நாட்களில் உப்புத்தண்ணீர் முற்றத்தைத் தாண்டி உள்ளே வந்துவிடும். சுவரில் முழங்கால் உயரத்தில் உப்புப் பூத்த கோடு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தரைத்தள அறையை எடுக்காதீர்கள்; எடுத்தே ஆகவேண்டும் என்றால் புத்தகப் பெட்டியைக் கட்டிலுக்குக் கீழே வைக்காதீர்கள். இது எந்த ஒப்பந்தத்திலும் எழுதியிருக்காது.

தமிழ்நாட்டில் வாடகைக்குப் போவோருக்கு 2017ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வேறு ஒப்பந்தம் இல்லாதபோது மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது; காலி செய்த ஒரு மாதத்தில், கழிக்க வேண்டியதைக் கழித்துத் திருப்ப வேண்டும். கேரளத்தில் இன்னும் 1965ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம்தான். அதன்படி வாடகைதாரரைப் பலவந்தமாக வெளியேற்ற முடியாது, தண்ணீரையும் கரண்டையும் துண்டிக்கவும் முடியாது. ஆனால் அட்வான்ஸ் எவ்வளவு, எப்போது திரும்பும் என்பதை நீங்கள் போடும் 11 மாத ஒப்பந்தமே தீர்மானிக்கும். அந்த ஒரு வரியை எழுதச் சொல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

தொடக்கத்தில் புத்தகம் ஏறிப் போன அந்த ஆக்ரிக்காரரின் தராசுக்கு வருவோம்.

அச்சடித்த விலைக்குப் பாதி கொடுத்து வாங்க ஜூனியர் ஒருத்தி இருக்கும்போது, கிலோ கணக்கில் போடுவது வயிற்றெரிச்சல். வாங்கிய புத்தகத்தை விற்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஒருமுறை விற்றுப் புழக்கத்துக்கு வந்த பிரதியின்மீது பதிப்பாளருக்குப் பிடிமானம் இல்லை என்பது 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. இதே விஷயத்தில் அமெரிக்காவில் ஒரு வழக்கு நடந்தது. தாய்லாந்திலிருந்து கார்னெல் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப்போன சுபாப் கிர்ட்செங் என்ற மாணவர், ஊரிலிருந்து சொந்தக்காரர்களை விட்டு மலிவான ஆசியப் பதிப்புப் பாடநூல்களை வாங்கியனுப்பச் சொல்லி அங்கே விற்றார். வைலி பதிப்பகம் வழக்குப் போட்டது. 2013 மார்ச்சில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மாணவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. சீனியரிடம் பழைய புத்தகம் வாங்கக் கூச்சப்படும் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்வது என் வழக்கம்.

பழைய புத்தகத்தில் இப்போது ஒரு கண்ணி இருக்கிறது. 2024 ஜூலை முதல் கேரளப் பல்கலைக்கழகங்களில் நான்கு வருடப் பட்டப்படிப்பு தொடங்கிவிட்டது. பாடத்திட்டமே மாறிப்போயிற்று. பழைய திட்டத்தில் படித்த சீனியரின் புத்தகம் எல்லாம் உங்களுக்கு உதவும் என்று சொல்ல முடியாது. சிலபஸைக் கையில் வைத்து, அத்தியாயம் அத்தியாயமாக ஒப்பிட்டு வாங்குங்கள். கணிதம், இயற்பியல், இலக்கண நூல்கள் பத்து வருடம் பழையதானாலும் பெரிதாகக் கெடாது. வருமான வரி, கம்பெனிச் சட்டம், ஜி.எஸ்.டி. போன்றவற்றில் போன வருடப் பதிப்பே ஆபத்து. வகுப்பு தொடங்கி இரண்டு வாரம் எதையும் வாங்காமல் பொறுத்திருப்பதுதான் நான் கண்ட பெரிய சிக்கனம். பட்டியலில் இருக்கும் ஆறு புத்தகத்தில் ஆசிரியர் உண்மையில் கையில் எடுத்து வருவது ஒன்றோ இரண்டோதான்.

ஜெராக்ஸ் எடுக்கலாமா? டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் ராமேஸ்வரி ஃபோட்டோகாப்பி என்ற சின்னக் கடை. ஆசிரியர்கள் சொன்ன பக்கங்களைப் பல புத்தகங்களிலிருந்து எடுத்துத் தொகுத்து மாணவர்களுக்குக் கொடுத்தது. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் பதிப்பகங்கள் 2012இல் வழக்குப் போட்டன. 2016 செப்டம்பர் 16ஆம் தேதி நீதிபதி ராஜீவ் சகாய் எண்ட்லா வழக்கைத் தள்ளுபடி செய்தார். மேல்முறையீட்டில் டிசம்பரில் டிவிஷன் பெஞ்ச், கற்பித்தலுக்காகப் பிரதி எடுக்கச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இடம் தருகிறது என்பதை ஏற்றது. எடுத்த அளவு கற்பித்தலுக்குத் தேவையானதுதானா என்பதை மட்டும் விசாரிக்கத் திருப்பி அனுப்பியது. 2017இல் பதிப்பகங்கள் வழக்கை வாபஸ் வாங்கிக்கொண்டன. டெல்லித் தீர்ப்பு கேரள நீதிமன்றங்களைக் கட்டாயப்படுத்தாது. என்றாலும் இந்தச் சட்டப் பிரிவு நாடு முழுவதற்கும் ஒன்றுதான். வகுப்புக்கு வேண்டிய அத்தியாயங்களை எடுத்து ஸ்பைரல் போட்டுக்கொள்ள நீங்கள் பயப்பட வேண்டியதில்லை.

நடைபாதையில் பாதி விலைக்குப் புதிதாகப் பளபளக்கும் புத்தகம் வேறு. அது கள்ளப் பதிப்பு. அதை அச்சடித்து விற்றால் ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். வாங்கும் மாணவருக்கு வரும் நஷ்டம் இன்னொரு விதம். மருந்தியல் புத்தகத்தில் ஒரு தசமப்புள்ளி அச்சில் விழாமல் போனால் என்ன ஆகும் என்று நர்சிங் படிக்கும் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள்.

காசே கொடுக்காமல் படிக்கவும் வழி இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை என்பதுதான் குறை. காரக்பூர் ஐ.ஐ.டி. நடத்தும் தேசிய மின்னூலகத்தில் யாரும் பதிவு செய்துகொள்ளலாம். கல்லூரி ‘என்-லிஸ்ட்’ திட்டத்தில் சேர்ந்திருந்தால் லட்சக்கணக்கான மின்னூல்கள் மாணவருக்கு இலவசம்; லைப்ரேரியனிடம் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்டு வாங்க வேண்டும். பட்டமேற்படிப்புக்கு ‘இ-பிஜி பாடசாலை’, பொறியியலுக்கு என்.பி.டி.இ.எல். இவற்றைவிட எனக்குப் பிடித்தது ஊர் வாசகசாலை. பி.என். பணிக்கர் தொடங்கிவைத்த நூலக இயக்கத்தால் கேரளத்தில் அநேகமாக எல்லா ஊரிலும் ஒன்று உண்டு. சந்தா சொற்பம். விடுதியில் கிடைக்காத ஒன்றும் அங்கே கிடைக்கும்: ராத்திரி வரை சத்தமில்லாத ஒரு மேசை.

இவ்வளவுக்குப் பிறகும் பணம் வரவில்லை, வக்கீலுக்குக் கொடுக்கவும் வழியில்லை என்றால், பெண்களுக்கும் பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு. எண் 15100. கேரளச் சட்டப் பணிகள் ஆணையமான கெல்சாவின் தலைமையிடம் எறணாகுளத்தில் உயர் நீதிமன்ற வளாகத்திலுள்ள நியமசகாய பவன். வைப்பினிலிருந்து வாட்டர் மெட்ரோ ஏறி ஹைகோர்ட்டில் இறங்கினால் நடக்கும் தூரம். மலையாளம் தகராறு என்றால் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915ஐக் கூப்பிடுங்கள். அங்கே 17 மொழிகளில் பேசலாம். தமிழும் அதில் ஒன்று. ரசீதை மட்டும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள்.